கிங் கிரிம்சனை நேரில் கேட்ட இரவு

பழம்பெரும் ப்ரோகிரெசிவ் ராக் (செவ்வியல், ஜாஸ் சாயல்களோடு நீண்ட, சிக்கலான பாடல்களை அமைக்கும் ராக் வகை) குழுக்களின் கச்சேரிக்கு இப்போது போவதில் பொருள் உண்டா, அல்லது பழைய நினைவுக்காக மட்டும் போக வேண்டியதுதானா என்று கேட்டிருக்கிறீர்கள். அவற்றில் ஒன்றான பிரிட்டனின் கிங் கிரிம்சன் தன் முதல் இசைத்தட்டின் ஐம்பதாம் ஆண்டையொட்டி 2019-இல் நடத்திய சுற்றுப்பயணத்தில் ஒரு கச்சேரியைக் கேட்டவன் நான். நினைவுக்காகப் போனேன் என்பது உண்மை. ஆனால் அங்கே கேட்டது நினைவில் இருந்த இசை அன்று.

மேடையைப் பார்த்ததுமே அது புரிந்தது. வழக்கமாகப் பின்னால் இருக்கும் டிரம்ஸ் முன்வரிசைக்கு வந்திருந்தது, அதுவும் மூன்று. பேட் மாஸ்டலாட்டோ, ஜெரெமி ஸ்டேசி, கேவின் ஹாரிசன் ஆகிய மூவரும் ஒரே தாளத்தை மும்மடங்கு சத்தத்தில் அடிக்கவில்லை. ஒருவர் தொடங்கிய சொற்கட்டை அடுத்தவர் வாங்கி, மூன்றாமவர் முடித்தார். குழுவைத் தொடங்கிய ராபர்ட் ஃபிரிப் பின்வரிசையின் ஓரத்தில் உட்கார்ந்தபடியே கச்சேரி முழுவதும் கிட்டார் வாசித்தார். ஒளிவட்டம் அவரைத் தேடிப் போகவே இல்லை.

நான் காத்திருந்தது 1974-இல் வெளிவந்த ‘ஸ்டார்லெஸ்’ பாடலுக்காக. பாடும் பகுதி முடிந்தபின், பேஸ் கிட்டார் 13 எண்ணிக்கை கொண்ட ஒரு வட்டத்தில் சுழலத் தொடங்க, அதன்மேல் ஃபிரிப் ஒரே சுரத்தைத் திரும்பத் திரும்ப மீட்டி, நெடுநேரம் கழித்து ஒரு படி மேலேறி, மறுபடியும் அங்கேயே நிற்பார். பதிவில் இதை எத்தனையோ முறை கேட்டிருந்தும், அந்தப் பொறுமை உடலில் எப்படி ஏறும் என்பதை அன்றுதான் அறிந்தேன். அதுவரை மாறாமல் இருந்த வெள்ளை விளக்குகள், எப்போது தொடங்கின என்று சொல்ல முடியாதபடி, கொஞ்சம் கொஞ்சமாகச் சிவந்தன. அரங்கில் ஓர் இருமல் கூடக் கேட்கவில்லை. அந்த இறுக்கத்தை உடைத்துக்கொண்டு மெல் காலின்ஸின் சாக்ஸபோன் எழுந்தபோது, 1974-ஆம் ஆண்டுப் பதிவிலும் வாசித்தவர் இவரே என்பது நினைவுக்கு வந்து கண் கலங்கியது. எழுபதைக் கடந்த அவர் பழைய வாசிப்பை நகலெடுக்கவில்லை. புதிதாக ஒன்றைச் சொன்னார்.

படம் எடுக்கக் கூடாது என்ற விதியும் இதற்குப் பெரிதும் உதவியது என்றே நினைக்கிறேன். பேஸ் கலைஞர் டோனி லெவின் முடிவில் தன் கேமராவைத் தூக்கும்போது மட்டும் ரசிகர்களும் எடுக்க அனுமதி இருந்தது. இதைக் கெடுபிடி என்பவர்கள் உண்டு. எனக்கோ, கண்ணுக்கும் மேடைக்கும் நடுவில் ஒரு திரைகூட ஒளிராத அந்த இருட்டு, அவர்கள் எங்களுக்குக் காட்டிய மரியாதையாகவே பட்டது.

இப்போதைய பாடகரின் குரல் பழைய பாடகர்களுக்கு ஈடாகுமா என்றும் கேட்டிருந்தீர்கள். நான் கேட்ட கச்சேரியில் பாடிய ஜாக்கோ ஜாக்சிக் 2013-இல் அமைந்த அணியில் சேர்ந்தவர். தொடக்க காலப் பாடகர்களான கிரெக் லேக்கோ ஜான் வெட்டனோ பாடிய அதே கனத்தை எதிர்பார்த்தால் ஏமாற்றமாக இருக்கலாம். எனக்கு அது குறையாகத் தெரியவில்லை.

இந்த அணி 2021 டிசம்பர் 8 அன்று டோக்கியோவில் வாசித்ததோடு சுற்றுப்பயணங்களை நிறுத்திக்கொண்டது. அந்தச் சிவப்பு ஒளி எப்படிப் படர்கிறது என்று பார்க்க விரும்பினால், 2017-இல் மெக்சிகோ நகரில் எடுத்து ‘மெல்ட்டவுன்’ என்ற பெயரில் வெளியிட்ட பதிவைப் பாருங்கள். விளக்கை அணைத்துவிட்டு, இடையில் நிறுத்தாமல்.