லேஅவுட்டுக்கே மண் ரிப்போர்ட் இருக்கிறது, என் மனைக்குத் தனியாக எடுக்கணுமா?

கேள்வி: கூடுவாஞ்சேரிப் பக்கம் புது லேஅவுட்டில் 1200 சதுர அடி மனை வாங்கியிருக்கிறேன். டிடிசிபி அப்ரூவல் உண்டு. நெல் வயலாக இருந்த இடத்தில் சவுடு கொட்டி மேடாக்கியிருக்கிறார்கள். லேஅவுட் முழுக்க மண் பரிசோதனை முடிந்தது என்று புரமோட்டர் ஒரு ரிப்போர்ட் கொடுத்தார். கீழ் வீடும் ஒரு மாடியும் கட்ட அது போதுமா?

பதில்: போதாதுங்க. லேஅவுட் அப்ரூவல் சாலை அகலம், பூங்காவுக்கு விட்ட இடம், மனை அளவு இதையெல்லாம் பார்க்கும். உங்கள் மனைக்கு அடியில் உள்ள மண் எவ்வளவு பாரம் தாங்கும் என்று அது சொல்லாது.

கையில் இருக்கும் ரிப்போர்ட்டில் முதலில் இரண்டு விஷயம் பாருங்கள். மண்ணைச் சோதிக்கத் துளை போட்ட இடங்களைக் காட்டும் வரைபடம் இருக்கிறதா, உங்கள் மனைக்கு அருகில் ஒன்றாவது இருக்கிறதா? அடுத்து தேதி. சவுடு கொட்டுவதற்கு முன் எடுத்திருந்தால் அதிலுள்ள ஆழக் கணக்கு பழைய வயல் மட்டத்திலிருந்து தொடங்கும், இன்று நீங்கள் நிற்கும் மட்டத்திலிருந்து அல்ல. இதைக் கவனிக்காமல் ‘ஐந்தடியில் நல்ல மண்’ என்று படித்து ஐந்தடி தோண்டினால் ஃபுட்டிங் (தூணுக்கு அடியில் வரும் கான்கிரீட் அடித்தளம்) கொட்டிய மண்ணிலேயே உட்கார்ந்துவிடும்!

சிறிய வீட்டுக்கு மனை நடுவில் ஒரு துளை போதும் என்கிறது மண் ஆய்வுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 1892. ஆனால் மேடாக்கிய வயலில் எதிரெதிர் மூலைகளில் இரண்டு போடச் சொல்வேன், ஏனென்றால் ஒரு பக்கம் இரண்டடி சவுடும் மறுபக்கம் ஐந்தடியும் இருந்தால் வீடு ஒரே சீராக இறங்காது, விரிசல் அங்கேதான் ஆரம்பிக்கும். துளை சவுடைத் தாண்டி, பழைய வயல் களிமண்ணையும் தாண்டி, கெட்டியான மண் வரை போகணும்.

துளைக்குள் எஸ்பிடி (ஒரு குழாயை மண்ணில் அடித்து இறக்கி உறுதியை அளக்கும் சோதனை) செய்வார்கள். 63.5 கிலோ சுத்தியலை 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழவிட்டு, முதல் 15 சென்டிமீட்டரைக் கணக்கில் சேர்க்காமல், குழாய் அடுத்த 30 சென்டிமீட்டர் இறங்க எத்தனை முறை அடிக்க வேண்டியிருக்கிறது என்று எண்ணுவதுதான் ‘N’ வேல்யூ. கொட்டிய மண்ணில் செங்கல், கான்கிரீட் துண்டு கிடந்தால் குழாய் அதில் முட்டி எண்ணிக்கை கூடிவிடும், அதைப் பார்த்து மண் உறுதியானது என்று நம்பக் கூடாது. அதனால் வேலை நடக்கும்போது கூட நின்று, வெளியே வரும் மண்ணைக் கண்ணால் பாருங்கள்.

அப்புறம், களிமண் என்பதால் ஃப்ரீ ஸ்வெல் பரிசோதனையை (தண்ணீரில் மண் எவ்வளவு உப்புகிறது என்று பார்ப்பது) கட்டாயம் கேட்டு வாங்குங்கள். அந்த அளவு 50 சதவீதத்தைத் தாண்டினால் மழையில் மண் உப்பி வெயிலில் சுருங்கும்; சாதாரண ஃபுட்டிங்குக்குப் பதில் அண்டர்ரீம்டு பைல் (ஆழத்தில் அடிப்பக்கம் குமிழ் போல அகன்ற கான்கிரீட் தூண்) தேவையா என்று அப்போது பொறியாளரிடம் பேச வேண்டியிருக்கும். நிலத்தடி நீர்மட்டம், மண்ணிலும் நீரிலும் உள்ள சல்பேட், குளோரைடு அளவும் ரிப்போர்ட்டில் வரட்டும், கான்கிரீட்டுக்கும் கம்பிக்கும் அது முக்கியம். இதெல்லாம் ஸ்ட்ரக்சுரல் டிராயிங் போடுவதற்கு முன் பொறியாளர் கையில் இருக்கணும்.