வாசகர் கேள்வி பதில்: அப்பாவின் லேண்ட் ரோவருக்கு டீசல் எஞ்சின்

கேள்வி: வணக்கம் ஐயா. அப்பா விட்டுச்சென்ற 1968ஆம் ஆண்டு லேண்ட் ரோவர், சீரிஸ் 2ஏ, நீளம் குறைந்த 88 அங்குல வண்டி, கேமரன் மலை ரிங்லெட்டில் சித்தப்பாவிடம் இருக்கிறது. இன்றும் அதில்தான் தோட்டத்துக் காய்கறி இறங்குகிறது. பெட்ரோல் எஞ்சின் புகைகிறது, மேட்டில் திணறுகிறது. டீசல் போட்டால் எண்ணெய்ச் செலவு பாதியாகும் என்கிறார் பட்டறைக்காரர். லேண்ட் ரோவரின் 200டிடிஐ, ஈசுசு 4ஜேபி1 என்ற இரண்டு டீசல் எஞ்சின்களும் கிடைக்குமாம். எதைப் போடலாம்? பிறகு இங்கே சிங்கப்பூருக்குக் கொண்டுவந்து ஓட்ட முடியுமா?
– வாசகர், உட்லண்ட்ஸ்

பதில்: முதலில் அந்தப் பாதிச் செலவுக் கணக்கைப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் பலர் இதை நம்பித்தான் பணத்தைக் கொட்டுகிறார்கள். தீபகற்ப மலேசியாவில் 2024 ஜூன் 10ஆம் தேதி டீசல் விலை லிட்டருக்கு 2.15 ரிங்கிட்டிலிருந்து ஒரே நாளில் 3.35க்கு ஏறியது. அப்போது ரான்95 பெட்ரோல் 2.05. உங்கள் பழைய 2286 சிசி பெட்ரோல் எஞ்சின் லிட்டருக்கு ஆறு கிலோமீட்டர், டீசல் பத்து கிலோமீட்டர் கொடுக்கும் என்று வைத்துக்கொண்டால், நூறு கிலோமீட்டருக்குப் பெட்ரோல் 34 ரிங்கிட், டீசல் 33.50. அவ்வளவுதான் மிச்சம். இன்றைய விலையை வைத்து நீங்களே ஒருமுறை போட்டுப் பாருங்கள். சேமிப்புக்காக மட்டும் என்றால் மாற்றவே வேண்டாம், பழைய எஞ்சினைப் பிரித்து ரிங் மாற்றி, கார்பரேட்டரைச் சரிசெய்துவிடலாம்.

ஆனால் மூட்டை ஏற்றிக்கொண்டு மேடு ஏறுகிற வண்டி என்பதால் இதில் வேறொரு நியாயம் இருக்கிறது. பெட்ரோல் எஞ்சின் ஏறத்தாழ 70 குதிரைத்திறன். 200டிடிஐ 2495 சிசி, டர்போவோடு 111 குதிரைத்திறன், அதுவும் நிமிடத்துக்கு 1800 சுற்றிலேயே முழு இழுப்பையும் கொடுத்துவிடும். இரண்டும் ஒரே குடும்பத்து எஞ்சின்கள் என்பதால் பழைய எஞ்சினின் ஃப்ளைவீல் ஹவுசிங்கை (ஃப்ளைவீலை மூடும் உறை) எடுத்து இதில் பூட்டினால் உங்கள் கியர்பாக்ஸோடு சேர்ந்துகொள்ளும். லேண்ட் ரோவரின் டிஸ்கவரி வண்டியிலிருந்து எடுத்த எஞ்சினா, டிஃபெண்டரிலிருந்து எடுத்ததா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். டிஸ்கவரி எஞ்சினில் டர்போ கீழே உட்கார்ந்திருக்கும், சீரிஸ் வண்டிக்குள் அதற்கு இடம் பண்ணுவது பெரிய வேலை. அப்புறம், வாங்கின அன்றே டைமிங் பெல்ட்டை மாற்றிவிடுங்கள். உங்கள் பழைய எஞ்சினில் இருப்பது சங்கிலி, அந்தப் பழக்கத்தில் பெல்ட்டை மறந்துவிடுவார்கள்.

சரி, எது? நான் ஈசுசுவைத்தான் சொல்வேன், அதுவும் டர்போ இல்லாத 4ஜேபி1. ஓட்டப்போவது சித்தப்பா. 2771 சிசி எஞ்சின், சின்ன லாரிகளில் ஓடியது, உதிரிப் பொருளுக்கு அலைய வேண்டாம். டர்போவின் இழுப்பு முழுவதும் ஐம்பது வயதைத் தாண்டிய கியர்பாக்ஸிலும் பின் ஆக்சிலிலும் போய் விழும், அந்தக் காலத்து சீரிஸ் வண்டிகள் ஆக்சில் தண்டு முறிவதற்குப் பேர்போனவை.

ஈசுசுவில் சிக்கல் அடாப்டர் பிளேட்தான், இதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் வைக்கும் அந்தத் தகட்டின் மையம் முடியளவு விலகினாலும் கியர்பாக்ஸின் முன் தண்டு கோணிக்கொண்டு சுழலும். முதலில் ஒன்றும் தெரியாது. கொஞ்ச நாளில் கிளட்சை மிதிக்கும்போது கரகரவென்று சத்தம், பிறகு பேரிங் போய்விடும், முழுதையும் மறுபடி இறக்க வேண்டும். எனக்கே இது நடந்தது, வேலை செய்த பட்டறையில் யாரும் அளந்து பார்க்கவில்லை, நானும் கேட்கவில்லை. அதனால் பூட்டுவதற்கு முன் டயல் கேஜை (விலகலை முள்ளால் காட்டும் அளவுக் கருவி) வைத்து ஒரு முழுச் சுற்று சுற்றிக் காட்டச் சொல்லுங்கள், முள் ஆடுகிறதா என்று உங்கள் கண்ணால் பாருங்கள்.

மற்றபடி பெட்ரோல் டேங்க்கை இறக்கிக் கழுவ வேண்டும், டீசல் திரும்பி வர இன்னொரு குழாய் வேண்டும். மலேசிய டீசலில் பாமாயில் எரிபொருள் கலப்பதால் பழைய ரப்பர் குழாய்களை மாற்றிவிடுவது நல்லது. ரேடியேட்டரில் கஞ்சத்தனம் வேண்டாம், அடிவாரத்துத் தாப்பாவிலிருந்து மலை ஏறும் வளைவுகளில் அது தெரிந்துவிடும். டிஃபரன்ஷியல் 4.7 விகிதம் என்பதால் நெடுஞ்சாலையில் டீசல் எஞ்சின் வேகமாகச் சுழன்று கத்தும், மலைக்கு அதுவே சரி, மாற்றாதீர்கள். புதிய எஞ்சின் எண்ணை புஸ்பாகோம் வாகனப் பரிசோதனை நிலையத்தின் சோதனைக்குப் பிறகு ஜேபிஜேயில், அதாவது மலேசியச் சாலைப் போக்குவரத்துத் துறையில், வண்டி கிராண்டில் (உரிமைப் பத்திரம்) ஏற்றிக்கொள்ள வேண்டும், வேலை தொடங்குவதற்கு முன்பே விசாரியுங்கள்.

இங்கே கொண்டுவருவதா? மலேசியப் பதிவு எண் கொண்ட வண்டியைச் சிங்கப்பூர்க் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் இங்கு ஓட்டக் கூடாது. அது ரிங்லெட்டிலேயே இருக்கட்டும். விடுமுறைக்குப் போகும்போது ஓட்டுங்கள், அப்பாவின் வண்டி ஓடிக்கொண்டிருப்பதுதானே நமக்கு வேண்டும்.

கேள்வி: ஜொகூரில் அண்ணன் வைத்திருக்கும் சீரிஸ் 3 வண்டிக்கு ஈசுசு எஞ்சின் போட்டதிலிருந்து பிரேக் கல் மாதிரி இருக்கிறது. பிரேக் ஷூ எல்லாம் புதுசு. என்ன காரணம்?
– வாசகி, ஈசூன்

பதில்: இது அவசரம், அண்ணனிடம் இன்றைக்கே சொல்லுங்கள். பெட்ரோல் எஞ்சின் காற்றை உறிஞ்சும் பாதையில் ஒரு தடுப்பு இருக்கும், அதனால் உண்டாகும் வெற்றிடம்தான் பிரேக் மிதியை இலகுவாக்கும் பூஸ்டருக்கு உதவும். டீசலில் அந்தத் தடுப்பு கிடையாது, வெற்றிடத்துக்குத் தனிப் பம்பு வேண்டும். 4ஜேபி1 எஞ்சினில் பெரும்பாலும் அது ஆல்டர்னேட்டரின் முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கும். பானெட்டைத் திறந்து ஆல்டர்னேட்டரின் பின்பக்கம் பார்க்கச் சொல்லுங்கள். உருண்டையான சின்ன பம்பும், எஞ்சின் எண்ணெய் வரும் மெல்லிய குழாயும், பூஸ்டருக்குப் போகும் தடித்த குழாயும் இருக்க வேண்டும். மாற்றும்போது சாதாரண கார் ஆல்டர்னேட்டரைப் போட்டிருந்தால் பம்பே இருக்காது, பூஸ்டர் சும்மா தொங்கிக்கொண்டிருக்கும். சரியாகும்வரை வண்டியை எடுக்க வேண்டாம்.

கேள்வி: சிங்கப்பூரில் கிளாசிக் வாகனத் திட்டத்தில் பதிந்த பழைய ஜீப்புக்கு டீசல் போடலாமா?
– வாசகர், தோ பாயோ

பதில்: வேண்டாம். எஞ்சின் மாற்ற நிலப் போக்குவரத்து ஆணையத்தின் முன் அனுமதி வேண்டும். டீசல் கார்களைப் புதிதாகப் பதிவதையே 2025 ஜனவரி முதல் நிறுத்திவிட்டார்கள், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று இதிலேயே தெரிகிறது. அந்தத் திட்டத்தில் வண்டி ஆண்டுக்கு 45 நாள்தான் சாலைக்கு வரலாம், அதற்கு எண்ணெய் மிச்சம் பார்த்து என்ன ஆகப்போகிறது? அந்தப் பணத்தில் கார்பரேட்டரையும் டிஸ்ட்ரிபியூட்டரையும் புதுப்பித்து, ரேடியேட்டரைக் கழுவி, நின்றே கிடக்கும் வண்டியில் முதலில் இறுகிப்போகிற பிரேக் சிலிண்டர்களை மாற்றிவிடுங்கள்.