பண்ணையில் வளர்ந்த தாய் இறால், கடலில் பிடித்த தாய் இறாலைப் போல முட்டையிடுமா?

ஆந்திர எல்லையில், தடாவுக்கு அருகே ஒரு குஞ்சு பொரிப்பகத்தில் ஆறு ஆண்டுகள் தாய் இறால் தொட்டிகளைப் பார்த்துக்கொண்டவன் என்ற முறையில் எழுதுகிறேன். நீங்கள் கேட்பது வரி இறாலை, அதாவது டைகர் இறாலைப் பற்றி என்று எடுத்துக்கொள்கிறேன்.

முட்டை எண்ணிக்கையில் கடல் தாயே முந்தும். 100 கிராமைத் தாண்டிய கடல் தாய் ஒரே இரவில் 5 லட்சத்துக்கும் மேல் முட்டையிடக்கூடும். பண்ணைத் தாய் பெரும்பாலும் அதில் பாதியைக்கூட எட்டுவதில்லை. இதைப் 'பண்ணை வித்து பலவீனம்' என்று எங்கள் பக்கத்தில் சொல்வதை நான் ஏற்பதில்லை. உடல் எடை கூடக்கூடத்தான் முட்டை கூடும். விற்பனைக்காக நான்கைந்து மாதம் வளர்த்த சிறிய இறாலைத் தாயாக்கிவிட்டு அதன் வித்தைக் குறை சொல்வது நியாயமில்லை.

யாரும் கவனிக்காத இடம் ஆண் இறால். கடல் தாய் இணை சேர்ந்து, விந்துப்பையைச் சுமந்தபடியேதான் பெரும்பாலும் வலையில் வரும். பண்ணைத் தாயோ தொட்டியில் ஓடு கழற்றிய இரவில், உடல் மென்மையாக இருக்கும்போதே இணை சேர வேண்டும். அந்த ஆண் முதிராததாக இருந்தால் முட்டை வரும், குஞ்சு வராது. அடுத்த முறை ஓடு கழலும்போது விந்துப்பையும் அதோடு போய்விடும் என்பதால், விடியற்காலையில் டார்ச் விளக்கோடு கழன்ற ஓடுகளைத் தேடி எடுப்பதே எங்கள் முதல் வேலையாக இருந்தது.

கண்காம்பை (கண்ணைத் தாங்கும் தண்டை) நீக்கினால் சினை வளர்வதைத் தடுக்கும் ஹார்மோன் குறையும், அவ்வளவுதான். கருவுக்கு வேண்டிய கொழுப்பைக் கணவாயும் மட்டியும் கடற்புழுவும்தான் கொடுக்க வேண்டும். உலர்தீவனத்தை மட்டும் நம்பிய தொட்டிகளில் பொரிப்பு குறைந்ததைப் பார்த்திருக்கிறேன்.

வனாமி என்ற வெளிநாட்டு இறால் இனத்தின் கதை வேறு. அது ஓடு கடினமாக இருக்கும்போதே, சினை முதிர்ந்த பிறகு, முட்டையிடுவதற்குச் சில மணி நேரம் முன்னால் இணை சேரும். தலைமுறை தலைமுறையாகத் தொட்டியிலேயே வளர்க்க அது இசைந்ததற்கு இதுவும் ஒரு காரணம். 2009-இல் இந்தியாவில் அதற்கு அனுமதி கிடைத்த பிறகு, வெளிநாட்டிலிருந்து வரும் தாய்கள் சென்னை நீலாங்கரையில் நோய்த் தனிமைப்படுத்தலில் இருந்துவிட்டே வருகின்றன. அதன் கடல் தாயை இங்கே யாரும் தேடுவதில்லை.

என்னைக் கேட்டால், வரி இறாலில் நோயற்ற பரம்பரையில் வந்த பண்ணைத் தாயின் பாதி முட்டையே போதும் என்பேன். 1990-களின் நடுவிலிருந்து பண்ணைகளை அழித்த வெண்புள்ளி வைரஸைக் கடல் தாய் வெளியே தெரியாமல் சுமந்துவரலாம். அதனால்தான் கடல் தாயை வாங்கிய நாட்களில், முட்டையிட்டதும் அதன் திசுவைப் பிசிஆர் சோதனைக்கு அனுப்பி, முடிவு வரும்வரை அதன் குஞ்சுகளை வேறெந்தத் தொட்டியிலும் கலக்காமல் வைத்திருப்போம்.