பட்டியலில் குறித்த ஐந்து சொற்கள்

கேள்வி: ஐயா, நான் மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைக் கிராமங்களில் நுண்கடன் அறவிடும் வெளிக்கள உத்தியோகத்தராக நான்கு வருடங்களாகப் பணிபுரிகிறேன். அண்மையில் எங்கள் கிளைக்கு நடந்த பயிற்சிப் பட்டறையில் சொற்பட்டியல் ஒன்றைத் தந்து, எங்களுடைய அடிப்படை விழுமியங்கள் ஐந்தைத் தெரிவுசெய்யச் சொன்னார்கள். நேர்மை, இரக்கம், குடும்பம், கடமை, மரியாதை என்று குறித்துக் கொடுத்தேன். மறுநாள் மாலை, தவணை கட்ட முடியாத ஓர் அக்காவின் முற்றத்தில், குழுவிலுள்ள மற்றப் பெண்களையும் கூட்டி வைத்துக்கொண்டு இருட்டும்வரை உட்கார்ந்திருந்தேன். இதற்கு முன்னர் இரண்டு தடவை அவருடைய தவணையை என் பணத்தில் கட்டியும் இருக்கிறேன். வீட்டில் அம்மாவும் படிக்கின்ற இரண்டு தங்கைகளும் என் சம்பளத்தை நம்பியிருக்கிறார்கள். என் விழுமியங்கள் உண்மையில் எவை என்று எப்படி அறிவது? அவற்றோடு இந்த வேலையைச் செய்ய முடியுமா, விட்டுவிடத்தான் வேண்டுமா?
— ஒரு வாசகர், கொக்கட்டிச்சோலை

பதில்: தம்பி, அந்த ஐந்து சொற்களையும்விட, இருட்டும்வரை உட்கார்ந்திருந்ததை நீங்கள் மறைக்காமல் எழுதியிருப்பதே எனக்குப் பெரிதாகப் பட்டது. பட்டியலில் குறியிடும்போது, பிறர் நம்மை எப்படி மதிக்க வேண்டும் என்ற ஆசையும் சேர்ந்தே பேனையைப் பிடிக்கிறது. ஒரு செயலைச் செய்துவிட்டு வீட்டுக்கு வந்து, கோப்பையில் போட்ட சோறு இறங்காமல் இருக்கும் இரவில்தான் மனம் எதைத் தாங்காது என்பது நமக்குத் தெரிய வருகிறது.

இதை நான் தாமதமாகத்தான் அறிந்தேன். 1978 நவம்பரில் சூறாவளி மட்டக்களப்பை உருக்குலைத்த பிறகு, நிவாரணப் பட்டியல் தயாரித்த ஓரிடத்தில் இளம் எழுதுவினைஞனாக இருந்தேன். மேலதிகாரி ஒருவர் சொன்னதற்காக, கூரை போகாத வீட்டுக்காரர் ஒருவரின் பெயரை முன்னுக்கு எழுதினேன். அதுவரை நீதி என்ற சொல்லை நான் பேசாத மேடை இல்லை. அன்று கீழே தள்ளப்பட்ட பெயருக்குரியவரைச் சந்தையில் காணும்போதெல்லாம் வேறு பக்கம் திரும்பி நடந்தேன். வரிசையில் நிற்பவரை ஏமாற்றக்கூடாது என்பது எனக்கு எவ்வளவு பெரிய விடயம் என்று அந்த நடைதான் கற்பித்தது.

ஆகவே ஒரு சிறிய கொப்பி வாங்குங்கள். இரண்டு கிழமைக்கு, ஒவ்வோர் இரவும், அன்றைய வேலையில் உங்களைக் குத்திய செயல் ஒன்றையும் நிறைவு தந்த செயல் ஒன்றையும் நடந்தபடியே எழுதுங்கள்; நேர்மை, இரக்கம் போன்ற சொற்களை அதில் சேர்க்க வேண்டாம். பதினான்கு நாள் கழித்து வாசித்தால் சில செயல்கள் திரும்பத் திரும்ப வந்திருக்கும். அவற்றுக்கு உங்கள் வாயில் வரும் சாதாரண வசனத்தையே பெயராக வையுங்கள். "ஒருவரையும் அயலவர் முன்னால் கூசச் செய்யமாட்டேன்" என்ற வசனம் "மரியாதை" என்பதைவிடப் பயன்படும். ஏனென்றால் அதை மீறினோமா இல்லையா என்பது அன்றிரவே தெரிந்துவிடும்.

நீங்கள் முதலில் குறித்த நேர்மையையே எடுத்துப் பார்ப்போம். ஒரு பெண்ணுக்கு 50,000 ரூபாவை வருடத்துக்கு 20 வீதம் நிலையான வட்டியில் கொடுத்தால், 60,000 ரூபாவை 52 கிழமைகளில், கிழமைக்கு ஏறத்தாழ 1,154 ரூபாவாகக் கட்ட வேண்டும். முதல் கிழமையிலிருந்தே வட்டியோடு கடன் தொகையும் திரும்பி வந்துகொண்டிருப்பதால், அந்தப் பெண்ணின் கையில் வருடம் முழுவதும் சராசரியாக நிற்பது கடனின் பாதியளவுதான். வட்டியோ முழுத் தொகைக்கும் அறவிடப்படுகிறது. எனவே குறையும் நிலுவைக்குக் கணக்கிட்டால் உண்மையான வட்டிவீதம் இரு மடங்கை நெருங்கும். "20 வீதம்" என்று நீங்கள் சொல்வது பொய்யன்று, ஆனால் கையொப்பமிடுபவர் விளங்கிக்கொள்வது வேறு. படிவத்தை நீட்டுவதற்கு முன், மொத்தமாக எவ்வளவு திரும்பக் கட்ட வேண்டும் என்பதையும், ஒரு தவணை தவறினால் என்ன நடக்கும் என்பதையும் உரத்து வாசித்து விளக்குவதற்கு ஐந்து நிமிடம் போதும். அதைக் கேட்டுச் சிலர் கடன் வேண்டாம் என்று எழுந்து போவார்கள். உங்கள் மாத இலக்கு குறையும். அந்தக் குறைவு எவ்வளவு என்பதை முன்கூட்டியே கணக்கிட்டு, அம்மாவிடமும் சொல்லி வையுங்கள். விலை தெரியாமல் எடுத்த முடிவு முதல் மாதச் சம்பளத் துண்டைக் கண்டதும் ஆடிப்போகும்.

அந்த அக்காவின் முற்றத்துக்கு வருவோம். படுவான்கரையில் வயலை நம்பிய வீட்டுக்குப் பணம் வருவது பெரும்போக அறுவடையிலும், நீர் கிடைத்தால் சிறுபோகத்திலும்தான். தவணையோ கிழமைதோறும் வாசலில் நிற்கிறது. 2018இல், வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் பெற்ற 1 இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களுக்கு அரசாங்கம் நிவாரணம் அறிவிக்க நேர்ந்ததையும் நீங்கள் அறிவீர்கள். அவர் கட்டாததற்கு அவருடைய குணம் காரணமில்லை என்பது உங்களுக்கே தெரிந்திருப்பதால்தான் உங்கள் பணத்தை எடுத்துக் கட்டினீர்கள்.

அந்தச் செயலை நான் பாராட்டப் போவதில்லை, கோபிக்காதீர்கள். நீங்கள் கட்டியதால் கிளையின் பதிவேட்டில் அவர் ஒழுங்காகக் கட்டுபவராகவே தெரிகிறார். அவருடைய கஷ்டம் எந்தத் தாளிலும் இல்லை. அடுத்த கடனைக்கூட அவருக்குப் பரிந்துரைப்பார்கள். இழந்தது உங்கள் தங்கைகளின் பணம். இரக்கம் உங்களுடைய விழுமியமானால், அதை வெளிக்கள அறிக்கையில் எழுத்தாக வையுங்கள்: இந்த வீட்டின் வருமானம் இந்த மாதத்தில் வருகிறது, அதுவரை தவணையைக் குறைத்துக் காலத்தை நீட்டும்படி பரிந்துரைக்கிறேன் என்று திகதியிட்டு முகாமையாளரிடம் கொடுத்து, பிரதியொன்றை வைத்துக்கொள்ளுங்கள். பொழுதுபட்ட பிறகு எந்த முற்றத்திலும் உட்காருவதில்லை, பிள்ளைகள் மட்டும் இருக்கும் வீட்டில் கடனைப் பற்றிப் பேசுவதில்லை, ஒருத்தியின் நிலுவைக்காக மற்றப் பெண்களை ஏவிவிடுவதில்லை என்ற மூன்றையும் நாளையிலிருந்தே கடைப்பிடிக்கலாம். இவற்றுக்கு எவருடைய அனுமதியும் தேவையில்லை. ஒருவர் கட்டாவிட்டால் குழுவிலுள்ள மற்றவர்கள் பொறுப்பேற்கும் குழுப் பிணை என்பது அவர்கள் ஒப்பமிட்ட ஏற்பாடுதான். ஆனாலும் அயல் பெண்களை ஒருவர்மீது ஒருவர் ஏவுவது, மகளுக்குச் சுகமில்லாத இரவில் கதவைத் தட்டப் போகும் வீட்டையும் பகையாக்கிவிடும்.

வேலையை விடுவது பற்றி. காரைதீவில் 1892இல் பிறந்த விபுலாநந்த அடிகள், மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபர் பதவியை விட்டுப் பின்னர் 1924இல் துறவு பூண்டார். ஆயினும் கற்பித்தலை அவர் விடவில்லை. கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயம், 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம், 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகம் என்று இடங்கள் மாறியபோதும் அந்தப் பணி தொடர்ந்தது. உங்களுக்கு நான் துறவைச் சொல்லவில்லை. தங்கைகளின் படிப்பைக் காப்பதும் உங்கள் பட்டியலில் நீங்கள் மனமறிந்து குறித்த ஒன்றுதான். அதை மற்ற நான்குக்கும் கீழான, வெட்கப்படவேண்டிய ஒன்றாக நினைக்க வேண்டாம். ஆனால் கிராமத்துப் பெண்களின் கணக்கைப் புரிந்தவர் என்ற உங்கள் திறமைக்கு, கூட்டுறவுச் சங்கங்களிலும் வங்கிகளின் விவசாயக் கடன் பிரிவுகளிலும் இடமுண்டு. இன்றே விண்ணப்பிக்கத் தொடங்குங்கள். கிடைக்கும்வரை இருக்கும் வேலையைக் கைவிடாதீர்கள். ஒரே ஒரு நிலைமைக்கு மட்டும் நான் விலக்குச் சொல்வேன்: பொழுதுபட்ட பிறகும் உட்காரும்படி உங்களுக்கு வாய்மொழியாகக் கட்டளை வந்தால், அதை எழுத்தில் கேளுங்கள், எழுத்திலும் வந்தால், வேறு வேலை கிடைக்காவிட்டாலும் வெளியேறும் நாளைக் குறித்துவிடுங்கள்.

அந்த அக்காவின் தவணையை நீட்டும்படி நீங்கள் எழுதும் பரிந்துரைக்கு முகாமையாளர் என்ன பதில் தந்தார் என்பதை எனக்கு எழுதுங்கள். அவர் மறுத்தால், மேலிடத்துக்கு எப்படி எழுதுவது என்பதை அடுத்த இதழில் சேர்ந்து பார்ப்போம்.