பந்து வேண்டாம், புளியங்கொட்டை எடுங்கள்

கேள்வி: அப்பாவுக்கு வலப்பக்கம் வாதம் வந்து 5 மாதம் ஆகிறது. நடந்துவிடுகிறார், கைதான் வரவில்லை. காலையும் மாலையும் ஸ்மைலி பந்தை அமுக்குகிறார், விட்டத்தில் கப்பி மாட்டிக் கயிறு இழுக்கிறார். விரல்கள் முன்னைவிட இறுகிவிட்டன, தோளும் வலிக்கிறது. இன்னும் கூடுதலாகச் செய்யச் சொல்லலாமா?
– வாசகி, புளியரை

பதில்: இரண்டையும் இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள். வாதத்துக்குப் பின் விரலை மடக்கும் தசை தானாகவே இறுகும். விரிக்கும் தசைதான் சோர்ந்து கிடக்கும். பந்தை அமுக்குவது ஏற்கெனவே இறுகியிருப்பதற்கே மேலும் வேலை கொடுக்கிறது. கயிறு அதைவிடக் கெடுதல். கை மேலே போகும்போது தோள்பட்டை எலும்பும் கூடவே திரும்ப வேண்டும். அது திரும்பாதபோது நல்ல கை வலுவில் இழுத்தால், மூட்டுக்குள் தசைநார் நசுங்கும். வலி வந்தது அதனால்தான் இருக்கும். பிசியோதெரபிஸ்ட் தோள்பட்டையைப் பிடித்துப் பார்க்கும்வரை, கையை யாரும் தோள் உயரத்துக்கு மேல் தூக்கிவிட வேண்டாம். அக்குளில் கைகொடுத்து எழுப்பவும் கூடாது.

விரலைத் திறக்க ஒரு முறை உண்டு. விரலை நேரே பிடித்து இழுக்காதீர்கள். முதலில் மணிக்கட்டை உள்பக்கம் மடக்குங்கள், விரல்கள் தளரும். பிறகு கட்டைவிரலை விரித்து மற்ற விரல்களை நீட்டுங்கள். நீட்டியபடியே மணிக்கட்டை மெல்ல நிமிர்த்தி ஒரு நிமிடம் வைத்திருங்கள். பயிற்சிக்கு முன் இதை 5 தடவை செய்தால் போதும்.

அடுத்து ஒரு சோதனை. முன்கை மேசைமேல் இருக்க, மணிக்கட்டு விளிம்புக்கு வெளியே தொங்கட்டும். அங்கிருந்து மணிக்கட்டை 20 டிகிரி தூக்கவும், விரல்களை 10 டிகிரி நீட்டவும் முடிந்தால், நல்ல கைக்கு உறை மாட்டிவிட்டு வாதக் கையை வேலைவாங்கும் பயிற்சிக்கு அவர் ஏற்றவர். 2006-இல் வெளியான அமெரிக்க ஆய்வில் வாதம் வந்து 3 முதல் 9 மாதம் ஆனவர்களுக்கு 2 வாரம் இதைக் கொடுத்தபோது கைப் பயன்பாடு நன்றாகக் கூடியது. ஆகவே உங்கள் அப்பாவுக்குக் காலம் கடந்துவிடவில்லை. அங்கே விழித்திருக்கும் நேரத்தில் 90 சதவீதம் உறை போட்டார்கள். வீட்டில் நாளுக்கு 2, 3 மணி நேரம் என்று தொடங்கலாம். நடக்கும்போதும் அடுப்பருகிலும் உறை கூடாது.

வேலை என்றால் எடுத்து வைப்பதுதான். வைப்பதில் விரலை விடுவிக்க வேண்டியிருக்கிறதே, அங்கேதான் பயன். பல்லாங்குழி பலகை இருந்தால் எடுங்கள். முதல் வாரம் கொட்டைப்பாக்கு, பிறகு புளியங்கொட்டை, கடைசியில் மஞ்சாடி. எண்ணிச் செய்யட்டும். வழக்கமான சிகிச்சை வேளையில் கை முப்பது தடவை போலத்தான் வேலை செய்கிறது. மணிக்கு 300 வரை முடியும் என்று ஆய்வில் கண்டிருக்கிறார்கள். 50 தடவையில் தொடங்கி, களைத்தால் இடைவெளி விட்டு, படிப்படியாக 300-க்கு வாருங்கள். உடம்பை முன்னே சாய்த்தும் தோளைத் தூக்கியும் எட்டினால் அது கணக்கில் சேராது. பலகையைக் கிட்டே நகர்த்துங்கள்.

சாப்பாட்டுக்குக் குழைவாக வடித்த சோறும் விளிம்புள்ள குழித்தட்டும் நல்லது. தட்டு வழுக்காமல் அடியில் ஈரத்துண்டு. கரண்டிக் காம்பில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றி, கட்டைவிரல் பருமனுக்குக் கொண்டுவந்தால் பிடி நிற்கும். ஊட்டிவிடாதீர்கள். அரை மணி ஆனாலும் ஆகட்டும்.

விரல் அசையவே இல்லையென்றால் கண்ணாடிப் பயிற்சி. சென்னையில் மருத்துவம் படித்த வி.எஸ். ராமச்சந்திரன் 1990-களில், கை இழந்தவர்களின் வலிக்காகக் கொண்டுவந்த வழி இது. பிறகு வாதத்துக்கும் வந்தது. நெஞ்சுக்கு நேரே, நல்ல கைப் பக்கம் பார்க்கும்படி கண்ணாடியை நிறுத்தி, வாதக் கையை அதன் பின்னால் மறைத்து, நல்ல கையின் பிம்பத்தைப் பார்த்தபடி விரித்து மடக்க வேண்டும். தினம் 30 நிமிடம், 4 வாரம். மோதிரம், கடிகாரத்தைக் கழற்றிவிடுங்கள். பிம்பம் வாதக் கை மாதிரியே தெரிய வேண்டும்.

கேள்வி: ஒரு கையால் சட்டையும் சாரமும் (கைலி) உடுத்த முடியுமா?
– வாசகர், ஆரியங்காவு

பதில்: முடியும். உட்கார்ந்துகொண்டு சட்டையை மடியில் விரியுங்கள். போடும்போது வாதக் கை முதலில், கழற்றும்போது கடைசியில். கைப்பகுதியைத் தோள்வரை ஏற்றிய பிறகே மறு கை. சாரத்துக்கு, சுவரில் முதுகைச் சாய்த்துத் துணி நழுவாமல் நில்லுங்கள். மடித்த மடிப்பின்மேல் வாதக் கையை வைத்து இடுப்போடு அழுத்த, நல்ல கை செருகட்டும். விரல் அசையாத கைக்கும் இந்த வேலை உண்டு. நிற்கும்போது தள்ளாட்டம் இருந்தால், இடுப்பில் எலாஸ்டிக் தைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பிழிச்சில் (இளஞ்சூட்டு எண்ணெய் ஊற்றி உருவுவது), ஞவரக்கிழி (வெந்த ஞவரை அரிசியைத் துணியில் கட்டிச் சூடாக ஒற்றி உருவுவது) இவற்றுக்குக் கேரளப் பக்கம் போகலாமா? வீட்டுக்கு வந்து பயிற்சி தருவார்களா?
– வாசகி, செங்கோட்டை

பதில்: உடம்புக்கு இதமாக இருந்தால் மருத்துவரைக் கேட்டுவிட்டுப் போங்கள். ரத்த அழுத்த மாத்திரையையும் ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையையும் ஒரு நாள்கூட நிறுத்தாதீர்கள். உணர்வு மங்கிய கை சூடு அறியாது. கிழியின் சூட்டை நல்ல கையில் பார்க்கச் சொல்லுங்கள். உருவுபவர் தோளை இழுக்கக் கூடாது. எண்ணெய் உடம்பைத் தளர்த்தலாம். கையைப் பழக்குவது பயிற்சிதான்.

தமிழ்நாட்டில் 2021 முதல் நடக்கும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபி வீட்டுக்கே வருகிறது. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். கை வீங்கி, சிவந்து, தொட்டாலே வலித்தால் மட்டும் அவர்கள் வரும்வரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.