கடைசி நாளை ஏஜென்ட் கையில விட்டுடாதீங்க

(மாணவர் குழுவா வெளிநாடு போறவங்க, அனுப்புறவங்க கேட்ட கேள்விகள். இந்த வாரம் வந்ததுல நிறைய சிங்கப்பூர் பத்தினதுதான், அதனால அதையே எடுத்துக்கிட்டேன்.)

கேள்வி: எங்க காலேஜ் தமிழ்த்துறை பசங்க 40 பேரை சிங்கப்பூர் கூட்டிட்டுப் போறோம். கடைசி நாள் ராத்திரி திருச்சிக்கு ஃப்ளைட். அன்னைக்கு காலைல யுனிவர்சல் ஸ்டுடியோஸ், சாயங்காலம் ஷாப்பிங், அப்படியே ஏர்போர்ட்டுன்னு ஏஜென்ட் ப்ளான் போட்டிருக்கார். சரியா வருமா? (உதவிப் பேராசிரியர், கும்பகோணம்)

பதில்: வேண்டாம் சார், மாத்தச் சொல்லுங்க. நாள் பூரா வெயில்ல ரைடு ஏறி இறங்குன பசங்க வேர்வையோட பஸ்ல ஏறி, கடைல ஓடி ஓடி வாங்கி, ஏர்போர்ட் தரைல பெட்டியைப் பிரிச்சுப் போட்டு வெயிட் சரி பண்ணிட்டிருப்பாங்க, அந்த நேரத்துலதான் பாஸ்போர்ட் தொலையும், ஃபோன் சார்ஜ் போகும், ஒருத்தனைக் காணோம்னு தேடுவீங்க. யுனிவர்சலை ஒரு நாள் முன்னாடி வைங்க. ஷாப்பிங்கும் முந்தின நாள் ராத்திரியே முடியட்டும், முஸ்தஃபாங்கிற பெரிய கடை ராத்திரி வெகுநேரம் திறந்திருக்கும். ரூமுக்கு வந்ததும் எல்லார் பெட்டியையும் ஒரு தராசுல தூக்கிப் பாத்துடுங்க, பவர் பேங்க் பெரிய பெட்டிக்குள்ள போயிருந்தா வெளிய எடுத்து கைப்பைல வைக்கச் சொல்லுங்க.

அப்போ கடைசி நாள் என்ன பண்றதுன்னா, தமிழ்த்துறை பசங்களுக்கு அதை விட நல்ல நாளே கிடையாதுங்க. ரூமை காலி பண்ணிட்டு பெட்டியை ஹோட்டல்லயே விட்டுட்டு லிட்டில் இந்தியால இருக்கிற சிராங்கூன் ரோட்டுக்கு நடத்திக் கூட்டிட்டுப் போங்க. டேக்கா சென்டர்ல டிபன், சாப்பிட்ட தட்டை அவங்கவங்களே கொண்டு போய் வைக்கணும், விட்டுட்டு எந்திரிச்சா அங்க ஃபைன் வரைக்கும் போகும், முன்னாடியே சொல்லிடுங்க. அங்கிருந்து கேம்பல் லேன்ல 2015ல திறந்த இந்திய மரபுடைமை நிலையம் இருக்கு, திங்கக்கிழமை லீவு, அதை மட்டும் பாத்துக்கோங்க. நம்ம ஊர்ல இருந்து கப்பலேறிப் போனவங்க எப்படிப் பிழைச்சாங்க, என்ன வேலை பாத்தாங்கன்னு பசங்க நின்னு படிக்கட்டும், அவசரப்படுத்தாதீங்க.

அப்புறம் ஆளுக்கு ஒரு தமிழ் முரசு வாங்கச் சொல்லுங்க. 1935ல கோ. சாரங்கபாணி ஆரம்பிச்ச பேப்பர், இன்னைக்கும் வருது. சாக்லேட் ஒரு வாரத்துல தீர்ந்துடும், அந்த ஊர் தமிழன் என்ன நியூஸ் படிக்கிறான்னு தெரிஞ்சுக்கிட்டா அது நம்ம பசங்களுக்கு வாழ்நாள் பூரா உபயோகம். நேரம் இருந்தா விக்டோரியா ஸ்ட்ரீட் தேசிய நூலகத்துல தமிழ்ப் புத்தகப் பகுதியையும் காட்டுங்க.

சாயங்காலம் சீக்கிரமே சாங்கி ஏர்போர்ட் போயிடுங்க. அங்க ஜூவல்ங்கிற மால்ல 40 மீட்டர் உயரத்துல இருந்து தண்ணி கொட்டுறது இமிகிரேஷனுக்கு முன்னாடியே இருக்கு, இதை நிறைய பேர் கவனிக்கிறதில்ல, பாஸ்போர்ட் செக்கிங் முடிச்சுட்டு உள்ள போயிட்டா திரும்பி வந்து பாக்க முடியாது. குரூப் போட்டோவை அங்க எடுங்க, பசங்க உக்காந்து பேசட்டும், அதுக்குன்னு ஒரு மணி நேரம் எந்த ப்ளானும் இல்லாம விடுங்க.

கேள்வி: என் பையன் காலேஜ் டூர் போயிருக்கான். எங்க வீட்டுக்காரரோட தெரிஞ்சவர் ஒருத்தர், "ஏர்போர்ட்ல ஒருத்தர் ஒரு செயின் குடுப்பார், தம்பி கழுத்துல போட்டுட்டு வரட்டும், வெளிய வந்ததும் வாங்கிக்கிறோம், செலவுக்கு ஏதாவது குடுத்துடறோம்"னு கேக்குறார். மறுத்தா மனஸ்தாபம் ஆகுமோன்னு இருக்கு. (ஒரு அம்மா, காரைக்குடி)

பதில்: அம்மா, மனஸ்தாபம் ஆனா ஆகட்டும். இதுக்குப் பேர் குருவி வேலை, அதாவது அடுத்தவங்க தங்கத்தைக் கடத்திக் குடுக்கிறது, சிங்கப்பூர் திருச்சி ரூட்ல எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம். காலேஜ் பசங்களைக் கேக்குறதுக்குக் காரணமே அவங்க மேல யாருக்கும் சந்தேகம் வராதுங்கிற கணக்குதான். கஸ்டம்ஸ்ல பிடிச்சா செயின் யாரோடதுன்னு பாக்க மாட்டாங்க, யார் கழுத்துல இருக்கோ அவன் பேர்லதான் கேஸ் எழுதுவாங்க, நகை பறிமுதல், அபராதம், தொகை பெருசா இருந்தா கைது வரைக்கும் போகும். நாளைக்கு உங்க பையன் வேலைக்கோ மேல்படிப்புக்கோ வெளிய போகணும்னா அந்தக் கேஸ் பின்னாடியே வரும், அப்போ அந்தத் தெரிஞ்சவர் ஃபோனை எடுக்க மாட்டார்.

நகைன்னாலாவது கண்ணுக்குத் தெரியுது, பார்சல்னா இன்னும் பயம். சிங்கப்பூர்ல போதைப்பொருள் குறிப்பிட்ட அளவுக்கு மேல இருந்தா தூக்குத் தண்டனை, "உள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது"ங்கிறதை சுலபத்துல ஏத்துக்க மாட்டாங்க. "மருந்துதான், ஊறுகாதான்"னு சொன்னாலும் ஒட்டின பார்சலைத் தொடக் கூடாது. உங்க பையனுக்கு இன்னைக்கே ஃபோன் போட்டுச் சொல்லுங்க, கூட வந்த சார்கிட்டயும் சொல்லுங்க, ஏன்னா ஒருத்தனைக் கேட்டவங்க குரூப்ல இன்னும் நாலு பேரைக் கேட்டிருப்பாங்க. வீட்டுக்காரர் பேச சங்கடப்பட்டா நீங்களே அவர்கிட்ட "முடியாது"ன்னு ஒரே வார்த்தைல சொல்லிடுங்க, காரணம் சொல்ல ஆரம்பிச்சா பேரம் பேசுவாங்க.

கேள்வி: ஏர்போர்ட்ல ஜிஎஸ்டி திரும்பக் கிடைக்கும்னு சீனியர் சொன்னான், உண்மையா? (பி.காம் மாணவர், மதுரை)

பதில்: உண்மைதான் தம்பி. அங்க ஜிஎஸ்டி 9%. அந்தத் திட்டத்துல இருக்கிற கடைல 100 சிங்கப்பூர் டாலருக்குக் குறையாம வாங்கியிருக்கணும், ஒரே கடைல ஒரே நாள் வாங்குன மூணு பில் வரைக்கும் சேத்துக்கலாம், உனக்கு 16 வயசு ஆகியிருக்கணும். பில் போடும்போதே பாஸ்போர்ட்டைக் காட்டணும், அப்புறமா போய்க் கேட்டா வேலைக்காகாது. பொருளைப் பெரிய பெட்டில போடுறதா இருந்தா பெட்டியைப் போடுறதுக்கு முன்னாடியே ஏர்போர்ட்ல இதுக்குன்னு இருக்கிற கியோஸ்க் மெஷின்ல பதிவு பண்ணிடு, பொருளைக் காட்டுன்னு கேக்கலாம். கட்டணம் கழிச்சுத்தான் கைக்கு வரும். ஒரு டிஷர்ட்டுக்கும் ரெண்டு பெர்ஃப்யூமுக்கும் க்யூல நின்னு ஜூவலை விட்டுடாதே. சில்லறைக் காசை அங்கயே செலவு பண்ணிடு, இங்க மாத்துறவங்க நோட்டைத்தான் வாங்குவாங்க.

கேள்வி: டூர்ல ரூம்மேட்டோட சண்டை, மூணு நாளா பேசல. காமன் பணமும் அவகிட்டதான் இருக்கு. நாளைக்கு ஊருக்குத் திரும்புறோம். என்ன பண்ண? (மாணவி, கோவை)

பதில்: பணத்தையும் சண்டையையும் தனியா பிரிச்சுக்கோம்மா. கணக்கை இன்னைக்கு ராத்திரியே ரூம்ல எல்லாரும் உக்காந்து முடிங்க, மிச்சத்தை அப்பவே பிரிச்சுடுங்க, ஊருக்கு வந்து பாத்துக்கலாம்னு விட்டா அது க்ளாஸ் பூரா கதையாயிடும். பேசுறதுக்கு நீ பெரிய பேச்செல்லாம் தயார் பண்ண வேண்டாம். நாளைக்குக் காலைல அவ பெட்டி மூட முடியாம திணறுவா, எல்லார் பெட்டியும் கடைசி நாள் அப்படித்தான். நீ மேல உக்காந்து அழுத்து, அவ ஜிப்பை இழுக்கட்டும்.