கல்லூரி நினைவாக நான் இன்னும் வைத்திருக்கும் பாசித் தாள்கள்

கேள்வி: கல்லூரிக் காலத்து நினைவுப் பொருட்கள் எதையாவது இன்னும் வைத்திருக்கிறீர்களா? இத்தனை வருடம் கழித்து அவற்றுக்கு வீட்டில் இடம் ஒதுக்கத்தான் வேண்டுமா?

கண்டிப்பாக வேண்டும் என்பதுதான் என் பதில். எல்லாவற்றுக்கும் இல்லை, சிலவற்றுக்கு. என்னிடம் இருப்பதில் முதலிடம் ஒரு ஹெர்பேரியத்துக்கு, அதாவது கடற்பாசிகளை உலர்த்தி ஒட்டிய தாள்களின் கட்டு.

எனக்கு ஊர் பாம்பன். 1981 முதல் 84 வரை மதுரையில் ஒரு பெண்கள் கல்லூரியில் தாவரவியல் படித்தேன், ஹாஸ்டல் வாசம். இரண்டாம் வருடம் கல்விச் சுற்றுலா என்று எங்களை அழைத்துப் போனது எங்கே தெரியுமா? எங்கள் ஊரை ஒட்டிய மண்டபம் ஊருக்கும் குருசடைத் தீவுக்கும்! வகுப்பில் பாதிப் பேருக்கு அதுதான் முதல் கடல், எனக்கோ வீட்டுக் கொல்லை. பாசி படிக்கிற மாணவர்கள் அந்தத் தீவைத் தேடி வருவது வெகு காலமாக நடப்பது. இந்தியாவில் பாசியியலுக்கு அடித்தளம் போட்ட எம்.ஓ.பி. ஐயங்கார் அந்தத் தீவின் பாசிகளைப் பற்றி 1920களிலேயே எழுதிவிட்டார். நாங்கள் போன சமயத்தில் பாம்பனுக்கு ரோடுப் பாலம் கிடையாது, 1988இல்தான் திறந்தார்கள், கடலைத் தாண்ட ரயில் மட்டும்தான்.

என் சித்தி பாசி எடுக்கப் போகிறவர். எங்கள் பக்கத்துப் பெண்கள் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் வற்றுகிற நாட்களில் விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு பாறைகளுக்கு நடுவே முங்கி மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும் பறிப்பார்கள். துணி சுற்றாவிட்டால் பாறையைத் தடவித் தடவி விரல் கிழிந்துவிடும். அன்று கரையில் பாசியைக் காய வைத்துக்கொண்டிருந்த சித்தி எங்கள் கூட்டத்தைப் பார்த்துவிட்டு, "என்ன தாயி, இதையெல்லாமா காலேஜ்ல படிக்கிறீங்க?" என்று கேட்டார். நாங்கள் எதிரே நிற்கவே பயப்படுகிற எங்கள் மேடம் அப்படியே மணலில் உட்கார்ந்து, "எவ்வளவு ஆழம் போவீங்கம்மா, எந்த மாசம் நல்லா கிடைக்கும்?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டார். சித்தி அதற்கு முன்பும் சரி, பின்பும் சரி, யாரிடமும் அவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை. லேபில் பூஞ்சை வளர்க்க நாங்கள் பெட்ரி டிஷ்ஷில் ஊற்றுகிற அகர் என்ற ஜெல்லி இந்த மரிக்கொழுந்திலிருந்து வருவதுதான் என்று மேடம் அன்றைக்குச் சொன்னார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. சித்தி தன் கையால் ஒரு கொத்து பறித்துக் கொடுத்தார், அது இன்னும் என்னிடம் இருக்கிறது.

பாசியைத் தாளில் ஏற்றுவது அழகான வேலை. ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றிப் பாசியை மிதக்கவிட்டு, அடியில் கெட்டித் தாளைச் செருகி, கிளை கிளையாகத் தூரிகையால் விரித்துவிட்டு மெதுவாகத் தூக்க வேண்டும். மேலே மல் துணி போட்டு, செய்தித்தாள்களுக்கு நடுவே வைத்துப் பாரம் ஏற்றி, ஈரத் தாளை தினமும் மாற்ற வேண்டும். மெல்லிய சிவப்புப் பாசிகளுக்குப் பசையே வேண்டாம், தம்முடைய வழவழப்பிலேயே ஒட்டிக்கொள்ளும். கட்டக்கோரை மாதிரி தடித்தவற்றை நூலால் தைத்துவிடுவோம். ஹாலிமீடா என்ற பாசியின் உடம்பில் சுண்ணாம்பு இருப்பதால் காய்ந்தால் பொடிப்பொடியாக உதிரும், அந்தத் தாளில் இப்போது பாதிதான் மிச்சம். எங்கள் செட்டில் கையெழுத்து அழகாக இருந்த தோழிதான் எல்லோருக்கும் லேபிள் எழுதினாள், கறுப்பு இந்தியன் இங்க்கில், இன்றைக்கும் எழுத்து மங்கவில்லை.

மற்ற பொருட்களின் கதை வேறு. ஆட்டோகிராப் நோட்டில் கழுவினால் போகிற நீல இங்க்கில் எழுதியவர்களின் வரிகள் வெளிறிப்போய்விட்டன. சுற்றுலாவில் எடுத்த கலர் போட்டோக்கள் செம்பழுப்பாகிவிட்டன, கடல் எது வானம் எது என்று தெரியவில்லை. அட்டையில் ஒட்டித் தந்த கறுப்பு வெள்ளை குரூப் போட்டோ மட்டும் அப்படியே இருக்கிறது. கலர் படத்தில் இருப்பது சாயம், அது வெளுக்கும். கறுப்பு வெள்ளையில் இருப்பது வெள்ளித் துகள், நன்றாகக் கழுவிப் போட்டிருந்தால் தாங்கும். ஹாஸ்டலுக்குக் கொண்டுபோன தகரப் பெட்டியை உப்புக்காற்று தின்றுவிட்டது. கடலோரத்தில் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன், தகரப் பெட்டியில் காகிதம் வைக்காதீர்கள். மரப்பெட்டியோ மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவோ நல்லது, உள்ளே துணியில் முடிந்த வசம்பும் சிலிக்கா ஜெல் பொட்டலமும் போடுங்கள், சித்திரை வெயில் காலத்தில் வெளியே எடுத்து நிழலில் காற்றாட விட்டு, ஐப்பசி கார்த்திகை மழையில் திறக்காமல் இருங்கள். வெளிச்சம் படாமல் வைத்தால் சிவப்புப் பாசி நிறம்கூட வருடக்கணக்கில் நிற்கும்.

குருசடை 1986இலிருந்து மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது. நினைத்த நேரத்தில் போய்ப் பறித்துவிட முடியாது, அது நல்லதுதான். ஆனால் பாசி எடுத்தே குடும்பம் நடத்திய பெண்களுக்கு அந்தக் கட்டுப்பாடு எவ்வளவு பாரமாக இருந்தது என்பதும் எனக்குத் தெரியும், சித்தியின் வீட்டில் பார்த்திருக்கிறேன்.

எதை வைத்துக்கொள்வது என்று கேட்டால், கடையில் வாங்கியதை விடலாம், ஒருவர் தன் கையால் எழுதியதையும் எடுத்துத் தந்ததையும் விடாதீர்கள். தோழி விடுமுறைகளில் எனக்கு எழுதிய இன்லேண்டு லெட்டர்களை நான் பத்திரமாக வைத்திருந்து போன வருடம் அவளிடமே திருப்பிக் கொடுத்தேன். இருபது வயதில் தான் என்ன யோசித்தோம் என்று அவளுக்கே மறந்திருந்தது, ராத்திரி முழுக்க உட்கார்ந்து படித்துவிட்டு காலையில் போன் செய்து அழுதாள். அப்புறம் பாசித் தாளில் ஒன்று கேட்டாள். கஞ்சிப்பாசி இரண்டு தாள் இருந்தது, ஒன்றை உடனே அனுப்பிவிட்டேன். மரிக்கொழுந்தையும் கேட்டாள். அது சித்தி பறித்தது, தர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.